மாற்றுக்குழந்தைக்கு ஒரு வசனம்

பதின்வயதுப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் வரும் ஃபேரி நாவல்களோடு எனக்கு ஒரு வழக்கு தீராமலே இருக்கிறது. ஃபேரி என்றால் ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும், மனிதரல்லாத ஒரு மாய இனம். ஆட்டிசம் உள்ள ஒரு பெண் நாயகி. ஊரில் யாரோடும் ஒட்டவில்லை. சத்தம் தாங்காது, முகத்தைப் பார்த்துப் பேச வராது, சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். கதை பாதி போனதும், சில கதைகளில் முதல் பக்கத்திலேயே, அவள் மனிதப் பிறவியே இல்லை என்று தெரியவரும். ஃபேரிகள் மனிதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், அதே தொட்டிலில் தங்கள் குழந்தையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சேஞ்ச்லிங் என்பார்கள், மாற்றுக்குழந்தை. இத்தனை வருடம் அவளைப் படுத்திய எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடைத்துவிடுகிறது. நீ பழுதானவள் இல்லை, வேறு ஊர்க்காரி, அவ்வளவுதான். படிக்கும்போது மனம் நிறைந்துபோகிறது. புத்தகத்தை மூடியபிறகு எங்கேயோ இடிக்கிறது.

அந்த இடிக்கிற இடத்தை எனக்கு முதலில் காட்டியவள் என் அக்கா மகள். அயர்லாந்தில் கார்க் நகரத்தில் வளர்கிறாள், 16 வயது. அவளுக்கு ஆட்டிசம் என்று 9 வயதில் உறுதி செய்தார்கள். ஃபேரி கதைகள் என்றால் உயிர். அவள் படித்து முடித்ததும் எனக்குச் சொல்வாள், நானும் கிண்டிலில் வாங்கிப் படிப்பேன், அப்புறம் வாட்ஸப்பில் விவாதம் நடக்கும். குரல் செய்தி அனுப்பக்கூடாது, எழுதித்தான் அனுப்ப வேண்டும். இப்படி ஒரு மாற்றுக்குழந்தை நாவலை முடித்துவிட்டு அவள் அனுப்பிய ஒரே வரி: “இவளை ஏன் சித்தி மனுஷியாவே இருக்க விடல?”

நான் பதிலுக்கு நீளமாக எழுதினேன். உருவகம், அடையாளம், விடுதலை என்றெல்லாம். எல்லாவற்றையும் படித்துவிட்டு, “சரி, ஆனா கேள்விக்குப் பதில் வரல” என்றாள். இதை எழுத அவளிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். தன்னை ‘ஸ்பெஷல்’ என்று எங்கேயும் எழுதக்கூடாது என்பது நிபந்தனை.

முட்டை ஓட்டில் உலை வைத்த தாய்

அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், ஜெர்மனி என்று பல ஊர்களில் மாற்றுக்குழந்தைக் கதைகள் உண்டு. நன்றாக இருந்த குழந்தை ஒருநாள் மாறிப்போகும். ஓயாமல் அழும், அல்லது அழவே அழாது. வளராது, நடக்காது, பேசாது, தாயைப் பார்த்துச் சிரிக்காது. பக்கத்து வீட்டுக் கிழவி வந்து பார்த்துவிட்டு, இது உன் பிள்ளையே இல்லை என்பாள். 1988இல் ஃபோக்லோர் என்ற ஆய்விதழில் சூசன் ஷூன் எபர்லி என்பவர் இந்தக் கதைகளில் வரும் வர்ணனைகளை எடுத்து, இன்று மருத்துவம் பெயர் வைத்திருக்கும் குறைபாடுகளோடு பொருத்திப் பார்த்தார். நிறையவே பொருந்துகின்றன. இருநூறு வருடம் முன்னால் வாழ்ந்த ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தது என்று இன்று நாம் தீர்ப்பெழுத முடியாது. ஆனால் எந்த மாதிரிப் பிள்ளைகள்மேல் இந்தக் கதை போர்த்தப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இதில் ஒரு கதை என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. கார்க்கில் பிறந்த க்ரோஃப்டன் க்ரோக்கர் 1825இல் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இருக்கிறது. ஜெர்மனியில் கதைகளைச் சேகரித்த கிரிம் சகோதரர்களிடமும் இதன் சாயலில் ஒன்று உண்டு. வீட்டில் இருப்பது தன் குழந்தைதானா என்று ஒரு தாய்க்குச் சந்தேகம். ஊர்ப் பெரியவள் சொன்னபடி, முட்டை ஓடுகளை அடுப்பில் வைத்து அதில் பானம் காய்ச்சுகிறாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாத குழந்தை தொட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கிழவன் குரலில், எத்தனையோ நூறு வருஷமாக இருக்கிறேன், முட்டை ஓட்டில் காய்ச்சி இப்போதுதான் பார்க்கிறேன் என்கிறது. மாட்டிக்கொண்டது. அடுத்து பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியோடு தாய் தொட்டிலை நோக்கி ஓடுகிறாள். கதையின் முடிவில் சொந்தக் குழந்தை திரும்பி வந்துவிடும், கேட்பவர்களுக்கும் நிம்மதி.

ஆனால் நடந்ததை மட்டும் எடுத்துப் பாருங்கள். பேசாத பிள்ளை முதல்முறையாகப் பேசுகிறது. முழு வாக்கியம் பேசுகிறது. விசித்திரமான ஒன்றைக் கண்டதும், அது விசித்திரமாக இருக்கிறது என்று சரியாகவே சொல்கிறது. வயதுக்கு மீறி, பெரியவர் மாதிரி பேசியதே அதன்மேல் குற்றமாகிவிடுகிறது. 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர், இன்று ஆட்டிசம் என்று சொல்லக்கூடிய தன்மைகளோடு தான் கவனித்த சில பிள்ளைகளைச் சின்னப் பேராசிரியர்கள் என்று வர்ணித்தார். அவர்கள் பேசிய தோரணைக்காக வந்த பெயர் அது. தொட்டிலில் எழுந்து உட்கார்ந்த அந்தக் குழந்தையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் ஞாபகம் வருகிறது.

என் அக்கா மகளும் தாமதமாகத்தான் பேசினாள். 4 வயதுவரை ஒற்றைச் சொல்கூட இல்லை. லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, கூடத்தில் படுத்துக்கொண்டு மேலே பார்த்து, “இந்த ஃபேன் போன தடவை வேற மாதிரி சத்தம் போட்டுச்சு” என்றாள். உண்மைதான். இடையில் கண்டென்சர் மாற்றியிருந்தோம். அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள், அழுதாள், மறுபடி சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள். அவள் மறுபடி சொல்லவில்லை. சொல்லியாகிவிட்டதே, இன்னொரு முறை எதற்கு? எங்கள் வீட்டில் பண்டிகையான அந்த வாக்கியம், வேறு ஊரில், வேறு காலத்தில், இன்னொரு பிள்ளைக்கு உயிர்போகும் சாட்சியாக இருந்திருக்கும்.

ஃப்ளெஸ்க் ஆறு

அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது எல்லோருமாகக் கில்லார்னிக்குப் போனோம். ஏரி, மலை, சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகும் குதிரை வண்டிகள் என்று அழகான ஊர். ஊருக்குத் தெற்கே, மக்ராஸ் போகும் சாலையில் ஒரு பாலம், அதன்கீழ் ஒரு ஆறு. அவள் நின்றுவிட்டாள். “இதுதான் சித்தி ஃப்ளெஸ்க்” என்றாள். அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரியும் என்பதுதான் எனக்குத் தெரியாது.

1826இல் ட்ராலி நகர நீதிமன்றத்தில் ஆன் ரோச் என்ற வயதான பெண்மேல் கொலை வழக்கு நடந்தது. மைக்கேல் லீஹி என்ற சிறுவனை ஃப்ளெஸ்க் ஆற்றில் மூழ்கடித்தார் என்று குற்றச்சாட்டு. அந்தப் பிள்ளையால் நிற்க முடியாது, நடக்க முடியாது, பேச முடியாது. ஃபேரி அடித்துவிட்டது என்று பிள்ளையின் பாட்டி நம்பினாள். மூன்று பண்ணைகளின் எல்லை சேரும் இடத்தில் ஆற்று மடுவில் தினமும் காலையில் குளிப்பாட்டச் சொன்னாள். மூன்றாவது நாள் ஆன் ரோச் பிள்ளையை வழக்கத்தைவிட அதிக நேரம் தண்ணீருக்குள் பிடித்திருந்தார். இதைச் செய்துவிட்டு எப்படிக் கடவுள் முகத்தில் விழிப்பாய் என்று கூட இருந்த மேரி க்ளிஃபர்ட் கேட்டாள். பாவம் பாட்டியைச் சேரும், என்னைச் சேராது என்றார் ஆன் ரோச். குறுக்கு விசாரணையில் அதே மேரி க்ளிஃபர்ட், கொல்வதற்காகச் செய்யவில்லை, பிள்ளைக்குள் இருக்கும் ஃபேரியை வெளியேற்றத்தான் செய்தோம் என்று சொன்னாள். கொலைக்குற்றம் என்று தீர்ப்பளிப்பது சரியாக இருக்காது என்று நீதிபதி பென்னிஃபாதர் ஜூரிகளுக்குச் சொன்னார். விடுதலை.

பாலத்துக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு என் அக்கா மகள் இதையெல்லாம் வரிசை தப்பாமல் சொன்னாள். யார் என்ன சொன்னார்கள் என்பது முதற்கொண்டு. அப்புறம் கேட்டாள்: “பாட்டி பேசினதை எழுதியிருக்காங்க. ஆன் ரோச் பேசினதை எழுதியிருக்காங்க. மேரி பேசினது, ஜட்ஜ் பேசினது எல்லாம் இருக்கு. தண்ணிக்குள்ள அவன் என்ன நினைச்சான்னு யாராவது எழுதியிருக்காங்களா?”

அவனுக்குப் பேச வராதே என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவள் கேட்டது அதுவல்ல.

இத்தனை நாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது அங்கேதான் உருப்பெற்றது. மாற்றுக்குழந்தைக் கதைகளை யார் சொல்கிறார்கள்? தாய் சொல்கிறாள், பாட்டி சொல்கிறாள், ஊர் சொல்கிறது, சேகரித்தவர் சொல்கிறார். தொட்டிலில் கிடப்பது கதை சொன்னதே இல்லை. முட்டை ஓட்டுக் கதையில் அதற்குக் கிடைக்கும் ஒரே வசனமும் அதற்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது. இந்தக் கொடுமை குழந்தைகளோடும் நிற்கவில்லை. 1895 மார்ச்சில் டிப்பரரி மாவட்டத்து பாலிவாட்லியில் பிரிஜெட் க்ளியரி என்ற 26 வயதுப் பெண்ணை, இவள் என் மனைவியே இல்லை, ஃபேரிகள் மாற்றிவைத்தது என்று சொல்லி அவள் கணவனே எரித்தான். தையல் வேலை தெரிந்தவள், சொந்தமாகச் சம்பாதித்தவள். நான் பிரிஜெட்தான் என்று அவளால் பேச முடிந்தது, பேசினாள். நம்ப மறுத்துவிட்டார்கள்.

இன்றும் அயர்லாந்தில் ஃபேரி மரம் என்று பெயர் வாங்கிய ஹாதார்ன் என்ற முள்மரத்தின் மேல் கைவைக்கத் தயங்குவார்கள். 1999இல் க்ளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில் நெடுஞ்சாலை வந்தபோது, கதைசொல்லி எடி லெனிஹன் எழுப்பிய குரலால் அப்படி ஒரு மரத்தை வெட்டாமல் விட்டார்கள். நல்ல விஷயம்தான். அந்த மரத்துக்குக் கிடைத்த பாதி மரியாதை மைக்கேல் லீஹிக்குக் கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

‘நான்’ என்று ஆரம்பிக்கும் கதை

அதனால்தான் இந்தப் புது நாவல்களைச் சுலபமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. 2023இல் இவலீஸ் ஹவுஸ்மன் எழுதிய ‘அன்ஸீலி’ என்ற நாவல் வந்தது. நாயகி ஸீலி ஒரு மாற்றுக்குழந்தை, ஆட்டிசம் உள்ளவள். அவளைப் போலவே இருக்கும் இரட்டைச் சகோதரி இஸோல்டோடு சேர்ந்து ஒரு புதையலைத் தேடிப் போகிறாள். எழுதியவரும் ஆட்டிசம் உள்ளவர். எத்தனையோ நூற்றாண்டுகளாகத் தொட்டிலில் வாய்மூடிக் கிடந்தது எழுந்து, இதுதான் என் கதை என்கிறது. நாயகி எங்கே பிறந்தாள் என்பதைவிட எனக்கு இது பெரிதாகப்படுகிறது.

இது சும்மா நடந்துவிடவில்லை. ஆட்டிசம் உள்ளவரான நெதர்லாந்து எழுத்தாளர் கொரின் டைவிஸ் 2015இல் ட்விட்டரில் ‘ஓன்வாய்ஸஸ்’ என்ற குறிச்சொல்லைத் தொடங்கினார். விளிம்பில் இருப்பவர்களைப் பற்றி அவர்களே எழுதிய புத்தகங்களை அடையாளம் காட்டுவதற்கு. பதிப்பகங்கள் அதை அட்டையில் ஒட்டும் விற்பனைச் சீட்டாக்கின. வெளியே சொல்ல விருப்பமில்லாதவர்கள்மேலும், நீ யார் என்று சொல் என்ற நெருக்கடி விழுந்தது. 2021இல், குழந்தைகளுக்கான புத்தகங்களில் பலவகை மனிதர்களும் இடம்பெற வேண்டும் என்று இயங்கும் வீ நீட் டைவர்ஸ் புக்ஸ் அமைப்பு அந்தச் சொல்லைக் கைவிட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனாலும் அது திறந்துவிட்ட கதவு வழியாக வந்த புத்தகங்களைத்தான் என் அக்கா மகள் இன்று படிக்கிறாள்.

இதையெல்லாம் சொன்னபோது அவள் ஒத்துக்கொண்டாள், பாதிக்கு மட்டும். தன் கதையைத் தானே சொல்வது சரி. ஆனால் சொல்லும்போது, ஆமாம், நான் உங்கள் பிள்ளை இல்லைதான் என்று ஏன் ஆரம்பிக்க வேண்டும்? கிழவி சொன்னதை ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?

இந்தக் கேள்வி பழங்கதையோடு முடிவதில்லை. 2007 டிசம்பரில் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் ஆய்வு மையம் ஒரு விளம்பரம் செய்தது. பிள்ளை பிடிப்பவன் பணம் கேட்டு எழுதும் மிரட்டல் கடிதம்போல: உங்கள் மகன் எங்களிடம் இருக்கிறான், உயிருள்ளவரை அவன் யாரோடும் பழக முடியாதபடி பார்த்துக்கொள்வோம், இப்படிக்கு ஆட்டிசம். நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் முட்டை ஓட்டுக் கதை அப்படியே இருக்கிறது. உண்மையான பிள்ளையை யாரோ தூக்கிப் போய்விட்டார்கள், வீட்டில் இருப்பது வேறு எதுவோ. ஆட்டிசம் உள்ளவர்களே நடத்தும் ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க் முன்னின்று எதிர்த்தது, அந்த மாதமே விளம்பரத்தைத் திரும்பப் பெற்றார்கள். இதற்கெல்லாம் முன்பே, 1993இல், டொராண்டோவில் நடந்த ஆட்டிசம் மாநாட்டில், ஆட்டிசம் உள்ளவரான ஜிம் சின்க்ளேர் பெற்றோர்களைப் பார்த்துப் பேசியிருக்கிறார். நீங்கள் எதிர்பார்த்த பிள்ளை பிறக்கவே இல்லை, அதற்காக அழ வேண்டுமென்றால் அழுங்கள், ஆனால் ஆட்டிசத்துக்குப் பின்னால் இயல்பான பிள்ளை ஒன்று ஒளிந்திருப்பதாக நினைக்காதீர்கள், இருக்கும் பிள்ளை இதுதான் என்பது அந்தப் பேச்சின் சாரம். என் அக்காவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. அப்புறம் கூப்பிட்டு, இதை ஆஸ்பத்திரியில் முதல் நாளே கையில் கொடுத்திருக்க வேண்டும் என்றாள்.

விதிகளை வாயால் சொல்லும் நாடு

மாற்றுக்குழந்தை விஷயத்தில் இத்தனை கோபம் இருந்தும் என் அக்கா மகள் ஏன் ஃபேரி கதைகளை விடமாட்டேன் என்கிறாள்? அவளிடமே கேட்டேன். “அங்க ரூல்ஸை சொல்லிடுவாங்க” என்றாள். ஃபேரிகளால் பொய் சொல்ல முடியாது. கொடுத்த வாக்கை மீற முடியாது. உன் முழுப்பெயரைக் கொடுக்காதே, அவர்கள் தரும் சாப்பாட்டைத் தொடாதே, நன்றி சொல்லிக் கடன்படாதே. நுழையும்போதே யாராவது சொல்லிவிடுகிறார்கள். நம் வீட்டுக் கல்யாணங்களில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. யார் காலில் விழ வேண்டும், யாரிடம் எவ்வளவு நேரம் பேச வேண்டும், சாப்பிட்டியா என்று கேட்டால் உண்மையான பதில் வேண்டுமா வேண்டாமா, எல்லாவற்றையும் மூச்சுவிடுவதுபோல் தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதை எழுத்தாளர்கள் கையாளும் விதத்தில் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் உண்டு. சோம்பலான நாவலில், சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வதால் நாயகியை ஃபேரிகளால் ஏமாற்ற முடியாது என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அது உண்மையாக இருக்காது. பொய் சொல்லாமலே ஏமாற்றுவதுதான் ஃபேரிகளின் கலை. அகப்படக்கூடியவர்களில் அவளும் ஒருத்தி. நல்ல நாவலில் வேறொன்று நடக்கும். ஃபேரி அரண்மனைக்குள் நுழைந்ததும் கூட வந்த மற்ற மனிதர்கள் திணறுவார்கள். இதுவரை உள்ளுணர்வால் ஓட்டியவர்களுக்கு அது இங்கே கைகொடுக்காது. ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு, ஒவ்வொரு அசைவையும் யோசித்துச் செய்ய வேண்டும். நாயகி பள்ளிக்கூடத்தில் தினம் செய்த வேலை அது. 2012இல் டேமியன் மில்டன் எழுதிய ஒரு கட்டுரை நினைவுக்கு வருகிறது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியாமல் போவது இரண்டு பக்கத்துக்கும் பொதுவான சிக்கல், ஒரு பக்கத்தின் குறை ஆகாது என்றார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். ஆராய்ச்சிக் கட்டுரையில் இருக்கும் அந்த வாதத்தை ஒரு விருந்துக் காட்சியில் பதின்வயதுப் பிள்ளை உணர்ந்துவிடுகிறது.

மாயத்தோற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். மனிதர் நடுவே நடமாட ஃபேரிகள் மனித உருவைப் போர்த்திக்கொள்வார்கள், கிளாமர் என்பார்கள். ஆட்டிசம் உள்ள பெண்கள் சிரிப்பு, கைகளை வைத்துக்கொள்ளும் விதம், பேச்சின் ஏற்ற இறக்கம் எல்லாவற்றையும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துப் போர்த்திக்கொள்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் இருப்பது தாமதமாகவே தெரியவருவதற்கு இந்த மாஸ்கிங்கும் ஒரு காரணம். நாவல்களில் கிளாமரைக் கழற்றும் காட்சி பெரும்பாலும் பிரமாதமாக வரும். சிக்கல் அதற்கு அடுத்த அத்தியாயத்தில் இருக்கிறது. கழற்றியதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. சத்தம் உறுத்தவில்லை, துணி குத்தவில்லை, வார்த்தை தடைபடவில்லை. பள்ளிக்கூடத்துக் கரண்டிச் சத்தம் அவளைத் துடிக்கவைத்தது இரும்பு ஃபேரிகளுக்கு ஆகாது என்பதால்தானாம், இங்கே இரும்பே இல்லையாம். இந்த இடம் வந்தால் என் அக்கா மகள் புத்தகத்தை வைத்துவிடுவாள். மருந்து கொடுக்காமலே குணமாக்கிவிட்டார்கள் என்பாள். நானும் அவள் பக்கம்தான். 300ஆவது பக்கத்திலும் நாயகிக்குக் காதை மூடிக்கொள்ளத் தோன்ற வேண்டும். ஃபேரி அரண்மனையின் வெள்ளி மணிச்சத்தமும் அவளுக்கு வலிக்க வேண்டும். வலித்தாலும் அவள்தான் நாயகி என்று கதை விடாப்பிடியாக நிற்க வேண்டும்.

எனக்கு ஒரு மாற்றுக்குழந்தைக் கதை வேண்டும், அதில் தாய் எல்லாம் தெரிந்தபிறகும் இரும்புக் கம்பியை எடுக்கக்கூடாது. தூக்கிப் போன பிள்ளையைத் தேடிப் போகட்டும், இந்தப் பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போகட்டும். இதைச் சொன்னபோது என் அக்கா மகளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. ஆனால் அவள் பிடித்துக்கொண்டது வேறு நுனியை. தூக்கிக்கொண்டு போன அந்த மனிதக் குழந்தை என்ன ஆச்சு? அது ஃபேரிகள் நடுவேதானே வளரும்? அங்கே அதுதானே வேற்றாள்?

இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள். நாயகி மனுஷி. ஆட்டிசம் உள்ளவள். ஃபேரி நாட்டில் வளர்கிறாள். விதிகளையெல்லாம் பட்டியல் போட்டுக் கற்றுக்கொண்டதால் அங்கே அவளை யாரும் குறை சொல்வதில்லை. அவள் ஆட்டிசத்தைக் கண்டு அங்கே யாருக்கும் பயமும் இல்லை. எல்லோரும் பயப்படுவது வேறொன்றுக்கு: அவளால் பொய் சொல்ல முடியும். மனுஷி அல்லவா. அவள் ஒருமுறைகூடச் சொன்னதில்லை, ஆனாலும் அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் அரண்மனையே இறுகிப்போகிறது.

முதல் இரண்டு அத்தியாயங்களை அனுப்பியிருக்கிறாள். எங்கள் வீட்டு ஃபேனின் சத்தத்தை ஒரு காற்றாலைக்குக் கொடுத்திருக்கிறாள். பிரமாதமாக எழுதுகிறாள், சித்தி என்பதற்காகச் சொல்லவில்லை. அம்மாவைக் காணோமே என்று மட்டும் கேட்டேன். மூன்றாவது அத்தியாயத்தில் வருகிறாள், நடந்தே வருவதால் லேட்டாகிறது என்று பதில் வந்தது.